ஐந்து லிட்டர் உப்புத் தண்ணீர்

திருச்சி விமான நிலையத்தில் பெட்டிகளை எடை போடும் இடம். எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பம் ஒரு முறுக்கு டின்னை எந்தப் பெட்டியில் திணிப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் நகர்ந்ததும் என் அட்டைப்பெட்டியைத் தூக்கி வைத்தேன். கவுண்டரில் இருந்த பெண், பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றின் இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இது என்ன சார் கேன்? எண்ணெயா?"

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. என் பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடியது.

"தண்ணிம்மா," என்றார் என் பக்கத்தில் நின்ற கருப்பையா அண்ணன்.

"என்ன தண்ணி? தீர்த்தமா?"

"இல்லத்தா. திண்டுக்கல்லு உப்புத் தண்ணி."

அந்தப் பெண் எங்கள் மூன்று பேரையும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "ஏங்க, மலேசியாவுல தண்ணி கிடைக்காதா?"

"கெடைக்கும். இது மீனுக்கு."

"மீன் எங்க?"

"மீன் நேத்தே போயிருச்சும்மா. நாங்கதேன் பின்னாடி போறோம்."

எங்களோடு வந்த ஜாபர் சிரித்த சிரிப்பில் அவன் கழுத்தில் மாட்டியிருந்த பாஸ்போர்ட் பை குலுங்கியது. பெட்டி உருண்டு உள்ளே போனது. அண்ணன் என் தோளைத் தட்டி, "பேச வேண்டிய எடத்துல நான் இருக்கேன்ல அப்பு," என்றார்.

போன வாரம் இந்தப் பகுதியில் மலேசியாப் பயணத்தைத் தொடங்கிவிட்டு, பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்த கதையிலேயே பக்கத்தைத் தீர்த்துவிட்டேன். வண்ண மீன் வளர்ப்பவர்கள் கூடும் மாநாட்டுக்கு மாவு மில்காரன் எதற்குப் போனான் என்று செம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கேனைப் பற்றிச் சொல்வதற்கு முன் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மில்லுக்குப் பின்னால்

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அப்பாவோடு மில்லில் நின்றவன் நான். எனக்குப் பேச்சு வராது. மில் தொழில் எனக்குப் பொருந்திப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். பெல்ட் ஓடும்போது அங்கே யாரும் பேசிக்கொள்ள முடியாது. ஒன்று சும்மா இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கத்த வேண்டும். இடைப்பட்ட பேச்சு எனக்குப் பழகவே இல்லை.

டெங்குக் காய்ச்சல் ஊரைப் பிடித்து ஆட்டிய ஒரு மழைக்காலத்தில், சுகாதாரப் பணியாளர் அக்கா ஒருவர் மில்லுக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தொட்டியில் ஒரு மக்கு நிறைய சின்னச் சின்ன மீன்களைக் கொட்டிவிட்டுப் போனார்.

"கப்பி மீனு. கொசுப்புழுவத் தின்னுரும். பினாயிலு கினாயில ஊத்திக் கொன்னுறாதீக," என்றார்.

சாம்பல் நிறத்தில், பார்க்க ஒன்றுமே இல்லாத மீன்கள். ஆனால் அதில் ஒன்றின் வாலில் கடுகளவுக்கு ஒரு சிவப்பு இருந்தது. அதைப் பிடித்துத் தனியே விட்டேன். அதன் குஞ்சுகளில் சிவப்பு கூடியவற்றை மறுபடி பிரித்தேன். இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியது. கடைசியில் வால் முழுக்க, நன்றாகக் காய்ந்த மிளகாய் வற்றலின் நிறத்துக்கு வந்து நின்றது. அரைக்கக் கொட்டும்போது வெயில் பட்டால் வற்றல் ஒரு மினுக்கு மினுக்கும், அந்த நிறம். 'மிளகாய் வால்' என்று பெயர் வைத்தவன் ஜாபர்.

ஜாபர் பேகம்பூரில் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறவன். என் வயதுதான். பிரியாணி மசாலா அரைக்க வந்து, தொட்டியைப் பார்த்து, அடுத்த வாரமே இரண்டு சண்டை மீன்களை பாட்டிலில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான்.

கருப்பையா அண்ணன் எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர். குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காடு வைத்திருக்கிறார். மழை பெய்தால் சோளம், கடலை. பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மல்லி அரைக்க வந்தவர், மாட்டுத் தொட்டியில் விட ஒரு கை மீன் வாங்கிப் போனார். பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வர ஆரம்பித்தார்.

ஞாயிறு மத்தியானம் மில் ஓடாது. தொட்டிகளைச் சுற்றி மூன்று பேரும் கவிழ்த்த டின்களின்மேல் உட்கார்ந்திருப்போம். ஜாபர் பேசுவான். அண்ணன் அவனை வம்புக்கு இழுப்பார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு இருந்த சிநேகிதம் அவ்வளவுதான். அதற்கு மேல் தேடியதும் இல்லை.

ஜாபர் செல்போனில் எடுத்துப் போட்ட வீடியோவை எப்படியோ கோலாலம்பூர் மாநாட்டுக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். இரண்டு ஆண் மீன்களைக் காட்சிக்கு அனுப்பச் சொல்லி அழைப்பு வந்தது. மீனை நாமாகப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏற முடியாது. சென்னையில் ஏற்றுமதி செய்கிற ஒருவர் மூலமாக, சான்றிதழ் எல்லாம் வாங்கி, முந்தின நாளே அனுப்பினோம். மீன் போய்விட்டது. அதற்கான தண்ணீர்தான் எங்களோடு வந்தது.

நாக்கு

எங்கள் பக்கம் தண்ணீர் இரண்டு வகை. குழாயில் எப்போதாவது வருகிற நல்ல தண்ணீர், போரிலிருந்து வருகிற உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. நல்ல தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் எடுத்து வைப்போம். வந்தவருக்கு உப்புத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தால் அந்த வீட்டை ஒரு வருஷத்துக்குப் பேசுவார்கள்.

கப்பி மீனுக்கு இது தலைகீழ். என் மீன்கள் பரம்பரை பரம்பரையாக மில் போர்த் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவை. அதுதான் அவற்றின் உடம்புக்குப் பழக்கம். சட்டென்று வேறு தண்ணீரில் விட்டால் தாங்காது. காட்சித் தொட்டி சரியாக ஐந்து லிட்டர் பிடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் ஐந்து லிட்டர் கேன்.

தண்ணீரைச் சோதிக்க என்னிடம் கருவி எதுவும் கிடையாது. விரலை நனைத்து நாக்கில் வைப்பேன். மில் போரா, பேகம்பூர்ப் போரா, லாரித் தண்ணீரா என்று சொல்லிவிடுவேன். "சவரிமுத்து நாக்குக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை குத்தணும்டா," என்பான் ஜாபர்.

கருப்பையா அண்ணனுக்குத் தண்ணீர் என்றால் வேறு விஷயம். அவர் ஊருக்கு நல்ல தண்ணீர் லாரியில் வரும், அதுவும் வந்தால்தான். அவர் கை கழுவினால் ஒரு செடியடியில்தான் கழுவுவார். விமானத்தில் கொடுத்த சின்ன பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டு மூடினார். எங்கள் இருவருடைய மிச்சத்தையும் வாங்கி அதில் ஊற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அண்ணே, மேல மேகம் பூராத் தண்ணிதான், தேவைன்னா இறக்கிக்கலாம்," என்று ஜாபர் சொன்னான். "நீ பேசு பாய். ஒங்க தெருவுல வாரம் ஒருக்கா வருதுல்ல, அந்தத் திமிரு," என்றார் அண்ணன்.

குழாயில் வந்தது

ஓட்டல் சின்னது. மூன்று கட்டில் போட்ட ஒரே அறை, சாவி அண்ணன் மடியில். மறுநாள் காலை முதலில் குளிக்கப் போனவர் அண்ணன்தான். போன வேகத்தில் ஈரக் கையோடு வெளியே வந்தார்.

"பாய், இங்க வா. இது என்ன தண்ணி?"

"கொழாத் தண்ணிண்ணே."

"இனிக்கிதுய்யா! குடிக்கிறதா, பொழங்குறதா?"

"எல்லாத்துக்கும் இதான்."

"குளிக்கவுமா?"

"குளிக்க, கழுவ, அந்தக் கக்கூசுல ஊத்த, எல்லாத்துக்கும்."

அண்ணன் ஓடிப்போய்க் குழாயை இறுக மூடினார். அன்று அவர் அரை வாளித் தண்ணீருக்கு மேல் குளித்திருக்க மாட்டார். பிறகு நான் குளித்தேன். குளித்துவிட்டு ஜாபரோடு கீழே போய் டீ கிடைக்குமா என்று விசாரித்தேன். அந்தக் கால் மணி நேரத்தில் அறையில் கேனோடு இருந்தவர் அண்ணன் மட்டும்தான். அப்போது எனக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

மாநாடு நடந்தது ஒரு வணிக வளாகத்தின் இரண்டாவது மாடியில். ஓட்டலிலிருந்து நடந்தால் இருபது நிமிஷம். மேம்பாலத்தில் ஏறி இறங்க வேண்டும். உள்ளே போனதும் எனக்குக் கால் கூசியது. அப்படி ஒரு பளபளப்பு. வரிசை வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் விளக்கு. பல நாட்டுக்காரர்கள். நம்மைப்போலவே முட்டி போட்டுக் குனிந்து, மூக்கு கண்ணாடியில் இடிக்க, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தைரியம் வந்தது. குனிந்திருக்கிறவர்களோடு பேச வேண்டியதில்லை.

எங்கள் மீன்களைப் பையோடு கொண்டுவந்து கொடுத்தது நீலச் சட்டை போட்ட ஒரு சீனப் பெண். அங்கே தொண்டு வேலை செய்கிறவள். நான் கேனைத் திறந்து தொட்டியில் ஊற்றினேன். பையைக் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, இரண்டு மீன்களையும் இறக்கினேன்.

அவை ஒரு சுற்று போயின. பிறகு வால் மடங்கியது. விரிந்த விசிறியை மடக்குவதுபோல் மடங்கிக் குச்சியாகிவிட்டது. இரண்டும் ஒரே இடத்தில் நின்று உடம்பை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்ட ஆரம்பித்தன. மீன் வளர்ப்பவர்களுக்கு அந்த ஆட்டம் தெரியும். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்.

உப்பே இல்லை. மருந்து வாசனை வேறு.

"இது நம்ம தண்ணி இல்ல," என்றேன்.

"ஆமா," என்றார் அண்ணன். அவர் முகம் பூரித்துப்போயிருந்தது. "நான்தேன் மாத்துனேன். அம்புட்டு இனிப்பான தண்ணி இங்க சும்மா வருது. இம்புட்டுத் தூரம் கூட்டியாந்து, வெளிநாட்டுக்காரன் பாக்க, அந்தப் பிள்ளைகளுக்கு உப்புத் தண்ணியவா ஊத்துறது? நல்ல தண்ணி குடிக்கட்டுமே அப்பு, ஒரு நா..."

அவரை முடிக்க விடவில்லை.

"அறிவிருக்கா ஒனக்கு? பட்டிக்காட்டுப் புத்தியக் காட்டிட்டியே!"

மில் பெல்ட் ஓடும்போது கத்துவேனே, அந்தக் குரல். அங்கே பெல்ட் ஓடவில்லை. குனிந்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். பன்னிரண்டு வருஷத்தில் அவரை நான் 'அண்ணே' போடாமல் பேசியதில்லை. நீ, உனக்கு என்று சொன்னதும் இல்லை.

அண்ணன் தொட்டியைப் பார்த்தார். அப்போதுதான் மடங்கிய வால் அவர் கண்ணில் பட்டது. தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டார்.

கண்ணாடிக் கதவு

மீன் வந்த பையின் அடியில் பழைய தண்ணீர் ஒரு டம்ளர் அளவுக்கு மிச்சமிருந்தது. நீலச் சட்டைப் பெண் மீன்களை ஒரு குவளையில் அந்தத் தண்ணீரோடு விட்டு, காற்றுக் குழாயைச் செருகினாள். இதில் அதிக நேரம் தாங்காது என்று ஜாபரிடம் சைகையில் சொன்னாள். அவர்களிடம் பதப்படுத்திய தண்ணீர் இருந்தது. ஆனால் அதுவும் உப்பில்லாத தண்ணீர்தான். கருவியை விட்டுக் காட்டி, உதட்டைப் பிதுக்கினாள்.

"ஜாபர், அண்ணன் எங்க?"

"நீ போட்ட சத்தத்துக்கு அவர் குஜிலியம்பாறைக்கே நடந்திருப்பாருடா."

சொன்னவன் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் ஒன்றைச் சொல்லி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அண்ணனிடம் அந்த ஊர் சிம் கிடையாது. தமிழைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. ஓட்டல் பெயர் எழுதிய அட்டை என் சட்டைப் பையில் இருந்தது. ஜாபர் கீழ்த்தளம் வரை தேடிவிட்டு வந்தான். கழிப்பறைகளையும் பார்த்துவிட்டான். நான் அந்தக் குவளைக்குப் பக்கத்திலேயே நின்றேன். கண் குவளையில் இருந்தது, ஆனால் மீன்களைப் பார்த்த நினைவு இல்லை. வழி தவறி எந்தப் பாலத்தடியில் நிற்கிறாரோ என்று நினைத்தேன். அவர் வீட்டம்மா ராசாத்தி கிளம்பும்போது என்னிடம்தான், "தம்பி, இவுக வழியில எதையாச்சும் வேடிக்க பாத்து நின்னுருவாக, பாத்துக்கங்க," என்று சொல்லியிருந்தார்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். கண்ணாடிக் கதவு இரண்டாகப் பிரிந்தது.

வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணன் வந்தார். தோள்துண்டு தலையில் சும்மாடாகச் சுற்றியிருந்தது. அதன்மேல் ஓட்டல் அறையின் குப்பைக்கூடை. குளிக்கும்போது தலையில் மாட்டக் கொடுப்பார்களே பிளாஸ்டிக் தொப்பி, அதை வாய்க்கு மூடி போட்டிருந்தார். ஒரு கை மட்டும் கூடையின் விளிம்பில். ஒரு சொட்டு சிந்தவில்லை.

கூடையைத் தொட்டிக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார். உள்ளே புதுப் பாலித்தீன் பை போட்டு, அதில் ஐந்து லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர்.

நாக்கில் வைத்தேன். எங்கள் மில்.

"கீழ ஊத்த மனசு வரல," என்றார், என்னைப் பார்க்காமல், ஜாபரிடம். "உப்போ சப்போ, தண்ணிதான? கட்டிலுக்கடியில வச்சிருந்தேன். சாயங்காலம் காலு கழுவிக்கலாம்னு."

"வழி எப்படிண்ணே தெரிஞ்சது?"

"வந்த வழிதான பாய். காட்டுல வண்டித்தடம் பாத்து வீடு சேர்றவனுக்கு, இம்புட்டு அகல ரோடு தெரியாதா?"

நீலச் சட்டைப் பெண் கருவியை விட்டுப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள். நல்ல தண்ணீரை இறைத்துவிட்டு, உப்புத் தண்ணீரை ஊற்றி, மீன்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி விட்டோம். சாப்பாட்டு நேரம் தாண்டி, முதலில் ஒரு வால் பிரிந்தது. பிறகு இன்னொன்று. மிளகாய்க் குவியலில் வெயில் விழுந்த மாதிரி.

பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஒரு மீனின் வால் ஓரம் லேசாகக் கிழிந்துவிட்டது. ஆனால் அன்று அதிகம் போட்டோ எடுக்கப்பட்டது எங்கள் தொட்டிதான். பாதிப் போட்டோ குப்பைக்கூடையை எடுத்தது.

திரும்பும்போது

மீன் வளர்த்தவர்களைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பது அங்கே வழக்கம். "நீங்களும் வாங்கண்ணே," என்றேன். "மீனு ஒங்களதுங்க. நீங்க நில்லுங்க," என்றார்.

நீங்க. அப்பு இல்லை. அடுத்த இரண்டு நாளும் அப்படித்தான். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. சாப்பிட்டாரா என்றால் சாப்பிட்டார். ஜாபரை வம்புக்கு இழுப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். ஜாபரும் பேசிப் பார்த்து ஓய்ந்துவிட்டான். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து பேசாமல் இருந்தது அந்த இரண்டு நாள்தான்.

மன்னிப்புக் கேட்பதற்கு வார்த்தைகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒரு வரிசையும் வாய்க்கு வரவில்லை. சும்மா இருப்பதும் கத்துவதும் தவிர எனக்கு வேறு தெரியாது என்று மேலே எழுதினேனே, அதுதான்.

கிளம்புகிற நாள் காலையில், இருவரும் கீழே டீ குடிக்கப் போயிருந்தபோது, காலிக் கேனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். மூன்று தடவை அலசினேன். குழாயைத் திறந்து கழுத்து வரை பிடித்தேன். மூடியை முறுக்கி, அதே அட்டைப்பெட்டியில் வைத்து, அதே கயிற்றால் கட்டினேன்.

மீன்களை அந்த ஊர் வளர்ப்பாளர் ஒருவரிடமே கொடுத்துவிட்டோம். "இப்ப எதுக்குடா தண்ணி?" என்று ஜாபர் பெட்டியைத் தூக்கிப் பார்த்துக் கேட்டான். பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

கோலாலம்பூர் கவுண்டரில் இருந்தது ஒரு தமிழ்ப் பெண்.

"என்ன அங்கிள் இது, கேன்ல?"

வழக்கம்போல் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. திருச்சியில் எனக்காகப் பேசியவர் இந்தத் தடவை இரண்டடி தள்ளி, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்ணிம்மா," என்றேன்.

"தண்ணியா? எதுக்கு?"

"ஒங்க ஊரு கொழாத் தண்ணி. எங்க அண்ணன் வீட்டுக்கு. அவுக ஊருல பருப்பு வேகாது. இதுல வேகும்." மூச்சு வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னேன். "நல்ல தண்ணி நல்லதுன்னு அவருதான் சொன்னாரு. நான்தான் கத்திட்டேன்."

அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, பெட்டியைத் தள்ளிவிட்டாள். பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஜாபர் இல்லை. அவன், "யா அல்லா, இவன் பேசிட்டான்யா," என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

விமானத்தில் அண்ணன் நடு இருக்கையில் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். நான் பாதி குடித்துவிட்டு, கேட்பதற்கு முன்னாலேயே மிச்சத்தை அவரிடம் நீட்டினேன். வாங்கி, தன்னுடையதில் ஊற்றிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மில்லில் கூடவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போனோம். ராசாத்தி மதினி துவரம்பருப்பு வேக வைத்திருந்தார். மசிக்கவே தேவையில்லாமல் மலர்ந்திருந்தது. ஆளுக்கு ஒரு கரண்டி நெய். ஜாபர் மூன்றாம் தடவை சோறு வாங்கினான். கேனில் இன்னும் முக்கால்வாசி இருந்தது. அதைத் துணியால் மூடி, வீட்டின் இருட்டான மூலையில், சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார்கள்.

அண்ணன் எழுந்துபோய் வாசலில் இருந்த முருங்கைக் கன்றின் அடியில் கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ரெண்டு கேனாப் பிடிச்சாந்திருக்கலாம் அப்பு."